நகராமல் எறிந்தவள்

பிப்ரவரி 9, வெள்ளி

காலை ஆறு மணிக்குப் படப் பூஜை. பத்தொன்பது வருடமாக அடுத்தவர் பூஜைகளில் ஓடியாடி வேலை பார்த்தவள், இன்று என் படத்துக்குத் தேங்காய் உடைப்பதைப் பார்த்தேன். கேமராவுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று ஜமீலாவிடம் சொன்னேன். அவள் என் இணை இயக்குநர். நம்பவில்லை.

முதல் ஷாட்டில் மங்களகரமான வசனம்தான் வர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம். கதாநாயகி தாரிகா இரும்புக் குண்டைக் கையில் ஏந்திக்கொண்டு "ஜெயிச்சிட்டேன்" என்றாள். கதைப்படி அந்த இடத்தில் அவள் இன்னும் எதையும் ஜெயிக்கவில்லை. தயாரிப்பாளர் உமாபதி சாருக்குத் திருப்தி. போகட்டும்.

படம் பிலோமினா சவரிமுத்துவின் கதை. திருச்சி பொன்மலை ரயில்வே காலனிப் பெண். அறுபதுகளில் தமிழ்நாட்டிலிருந்து போய் அகில இந்தியப் போட்டியில் குண்டு எறிதலுக்குத் தங்கம் வாங்கிய முதல் பெண். இறந்து பதினைந்து வருடமாகிறது. ஒரே மகன் அருளப்பன், பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவரிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கப் போனேன். பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போட்டார். பழைய போட்டோக்கள் உள்ள ஒரு கவரையும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"பாட்டு வெச்சுக்கோங்க, காதல் வெச்சுக்கோங்க, சண்டைகூட வெச்சுக்கோங்க. சினிமான்னா அதெல்லாம் வேணும்தான். அம்மா குண்டு போடுறதை மட்டும் அவங்க போட்ட மாதிரியே காட்டிடுங்க மேடம். அது ஒண்ணுதான் அவங்களோடது."

"கண்டிப்பாங்க" என்றேன். அதை எடுக்கத்தானே இந்தப் படமே.

பிப்ரவரி 21, புதன்

தாரிகா பதினான்கு கிலோ ஏறியிருக்கிறாள். பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று உமாபதி சார் எவ்வளவோ சொன்னார். "பஞ்சு எறியாது சார், நான்தான் எறியணும்" என்றுவிட்டாள். பெங்களூர்ப் பெண். இவளைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள். நான் நம்பிய அத்தனையும் பொய்.

பயிற்சிக்குக் கோச் துரைப்பாண்டி வருகிறார். போலீஸ் அணியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆவடியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். இன்று குண்டை எத்தனை விதமாக எறியலாம் என்று செய்து காட்டினார். நின்ற இடத்திலேயே நின்று எறிவது ஒன்று. பின்னோக்கி வழுக்கிக்கொண்டு வந்து எறிவது இன்னொன்று. மூன்றாவது, வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி எறிவது. அறுபது வயது மனிதர் சுழன்று எறிந்ததும் நானே கை தட்டிவிட்டேன். "இதுதான் கோச், இதைச் சொல்லிக் கொடுங்க!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் காஸ்ட்யூம்காரர் போன் வந்துவிட்டது, வெளியே போய்விட்டேன். காஸ்ட்யூம் விஷயம் பெரிய தலைவலி. வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே வரை வெள்ளைப் பாவாடை. வெள்ளையில் ஏழு வெள்ளை காட்டுகிறார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

தாரிகா சுற்றுகிறாள். மூன்று நாள் வாந்தி எடுத்தாள், இன்று சுற்றிவிட்டாள். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

மே 2, வியாழன்

கிளைமாக்ஸ் முடிந்தது! செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மைதானம், அறுநூறு துணை நடிகர்கள், அறுபதுகளின் சட்டையும் வேட்டியும் புடவையும். வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் கொடுத்தது ரப்பர் குண்டுதான், கறுப்புப் பெயின்ட் அடித்தது. கிரேன் மேலிருந்து இறங்க, தாரிகா சுழல, பாவாடை விரிய, குண்டு வானத்தில் போக, கூட்டம் ஓ என்று எழுந்தது. ஏழாவது டேக்கில் எல்லாம் கூடி வந்தது.

உமாபதி சார் மானிட்டர் முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "இதுக்குத்தான் வடிவு, இதுக்குத்தான் தியேட்டருக்கு வருவான்" என்றார். சங்கரவடிவு என்ற என் முழுப் பெயரை அவர் இதுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. வடிவு போதும்.

படப்பிடிப்பு இதோடு முடிந்தது என்பதால் சாயங்காலம் பூசணிக்காய் உடைத்தோம். கோச் மட்டும் ஒரு ஓரமாக நின்றிருந்தார். "என்ன கோச், உங்க சிஷ்யை கலக்கிட்டாளே" என்றேன். "பொண்ணு நல்லா செஞ்சுது மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரிக்கிற நாளில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்வார்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் டீசர் விட்டோம். மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் அந்தச் சுழற்சிதான். என்னோடு எட்டு வருடமாகப் பேசாத ஒரு டைரக்டர்கூட வாழ்த்து அனுப்பியிருக்கிறார். பதில் போடவில்லை. நாளைக்குப் போடலாம்.

நாலரை மணிக்கு அருளப்பன் போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், டீசர் பாத்தேன். எங்கம்மா சுத்தலையே."

"அது சினிமாவுக்காகக் கொஞ்சம்..."

"சுத்த மாட்டாங்க மேடம். நின்ன இடத்துல நின்னுதான் போடுவாங்க. மத்த பொம்பளைங்கல்லாம் வழுக்கிட்டு வருவாங்க. எங்கம்மா மட்டும் காலை நகத்தவே மாட்டாங்க. அப்படி நின்னே எல்லாரையும் தாண்டிப் போட்டாங்க. அது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"கோச் அப்படித்தாங்க சொல்லிக் கொடுத்தார். நான் விசாரிக்கிறேன்."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன விளையாட்டு வீராங்கனையா?

ஜூன் 15, சனி

உமாபதி சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "யாரோட தப்பு இது?" என்றார். கோச்தானே சொல்லிக் கொடுத்தார் என்றேன். உடனே மேனேஜரைக் கூப்பிட்டு, டைட்டிலில் கோச் பெயரை எடுத்துவிடச் சொன்னார். யூனிட் முழுக்க செய்தி பரவிவிட்டது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவராகத்தான் எடுத்தார்.

"அதுக்காகத் திரும்ப எடுக்கணும்னு கனவு காணாதே" என்றும் சொன்னார். "பொன்மலையில ஒரு ஆளுக்குத்தான் தெரியும். மீதி எட்டு கோடி பேருக்குப் பிடிச்சிருக்கு."

ஜூன் 17, திங்கள்

ஜமீலா ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கதவைச் சாத்தினால் நல்லதுக்கில்லை.

"மேடம், ஒண்ணு காட்டணும், கோவிச்சுக்காதீங்க." அருளப்பன் கொடுத்த கவரை என் மேஜை டிராயரின் அடியிலிருந்து எடுத்திருக்கிறாள். ஒரு போட்டோவை முன்னால் வைத்தாள். பிலோமினா வட்டத்தில் பக்கவாட்டில் நிற்கிறார். கழுத்தோடு சேர்ந்து குண்டு. இரண்டு காலும் தரையில் அழுந்த ஊன்றியிருக்கிறது. பின்னால் திருப்பினாள். பென்சிலில் எழுதியிருக்கிறது: 'நின்றபடியே எறிகிறார். ஒரே விநாடி. சினிமாவுக்கு ஆகாது.'

"இது யார் கையெழுத்து மேடம்?"

எத்தனையோ போட்டோ பார்க்கிறோம், எத்தனையோ குறிப்பு எழுதுகிறோம் என்றேன். ஜமீலா கவரை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 18, செவ்வாய்

வீட்டில் துணி துவைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை. பாதித் துணி சோப்போடு கிடக்கிறது.

ஜூன் 20, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட நான்கு மாதமாகப் பொய்தான் எழுதியிருக்கிறேன் என்று இன்று புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

அது என் கையெழுத்து. அந்தப் பயிற்சி நாளன்று கோச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "மேடம், அந்தக் காலத்துல யாரும் சுத்தி எறிய மாட்டாங்க. இது பின்னாடி வந்தது. அந்தம்மா நின்னு போட்டவங்கன்னு நாங்கள்லாம் கேள்விப்பட்டிருக்கோம்" என்றார். காஸ்ட்யூம்காரர் போன் வந்தது நிஜம். ஆனால் அது அரை மணி நேரம் கழித்து வந்தது. "யாருக்குத் தெரியப்போகுது கோச், நீங்க சுத்தவே சொல்லிக் கொடுங்க" என்று சொன்னது நான்தான். சொன்ன வேலையைச் செய்த மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஐந்து நாளாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

ஒரே விநாடியில் முடிந்துபோகிற ஒன்றை வைத்து எப்படிக் கிளைமாக்ஸ் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில் கிடைத்த முதல் படம். இது ஓடாவிட்டால் இன்னொன்று கிடையாது. அந்தப் பயத்தில் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

திரும்ப எடுக்கப் போகிறேன். எப்படி என்று தெரியாது. எடுக்கப் போகிறேன்.

சாயங்காலம் உமாபதி சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதில் எழுதக்கூடியது இதுதான்: "பூசணிக்காய் உடைச்சாச்சு. உடைச்ச பிறகு கேமராவைத் தூக்கினா படம் விளங்காது. என் மாமனார் தூக்கினாரு, அப்புறம் கம்பெனியவே மூடினாரு. வெளியே போ."

ஜூன் 23, ஞாயிறு

ஆவடி போனேன். மைதானத்தில் முப்பது பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். கோச் என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். நாற்காலி போடச் சொன்னார். அந்த மரியாதை எனக்கு அடியைவிட வலித்தது.

நின்று எறிவதைத் தாரிகாவுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றேன். தப்பு என்னுடையது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லித் தர்றேன் மேடம். அந்தம்மாவுக்காகத் தர்றேன். ஆனா ஒண்ணு. நான் தப்பா சொல்லிக் கொடுத்தேன்னு உங்க யூனிட் பூராவும் பேசுது. இங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா வரைக்கும் வந்திருச்சு. ஒருத்தர் நேரா கேட்டே புட்டாரு, 'சார், உங்களுக்கு பழைய முறையெல்லாம் தெரியாதாமே?' முப்பத்தெட்டு வருஷம் இதே வேலை பாத்திருக்கேன்."

"நான் என்ன செய்யணும் கோச்?"

"எங்கிட்ட தனியா சொன்னீங்க. சந்தோஷம். அதையே ஷூட்டிங் அன்னிக்கு மைக்ல சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் ஷூட்டிங்கே கிடையாது. இல்லாத ஷூட்டிங்கில், இருக்கிற மானத்தை விற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

தாரிகா அடுத்த படத்துக்காக இளைக்க ஆரம்பித்து, மூன்று கிலோ குறைந்தும்விட்டாள். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோவின் பின்னால் எழுதியிருந்ததையும் சொன்னேன்.

"அப்போ நான் மூணு நாள் வாந்தி எடுத்தது வேஸ்ட்டா மேடம்?" என்றாள்.

"வேஸ்ட்தான்மா."

"எனக்கு அவங்க மேல கோபம் இருந்துது மேடம். இப்படிச் சுத்த வைக்கிறாங்களேன்னு. பாவம், அவங்க சுத்தவே இல்ல." பின்னால் யாரையோ கூப்பிட்டு, சாதம் வைக்கச் சொன்னாள். சாலட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னதும் கேட்டது.

ஜூலை 3, புதன்

ஒன்பது நாள் பயிற்சி. தினமும் காலையில் ஆவடி. கோச் அவளிடம் ரப்பர் குண்டைக் கொடுக்கவேயில்லை. நாலு கிலோ இரும்பு. "கனம் தெரிஞ்சாத்தான் உடம்பு உண்மை பேசும்" என்கிறார். நின்று எறிவது சுற்றுவதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேகத்தைக் கடன் வாங்க இடமே இல்லை. எல்லாம் இடுப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் வர வேண்டும்.

இன்று பதினோரு மணிக்கு தாரிகாவையும் கோச்சையும் கூட்டிக்கொண்டு நேராக உமாபதி சார் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். சாக்பீஸில் வட்டம் போட்டோம். செக்யூரிட்டி, டிரைவர்கள், அக்கவுண்ட்ஸ் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டு சாரும் படியிறங்கி வந்தார். "என்ன கூத்து இது?"

"ஒரு நிமிஷம் சார்."

தாரிகா வட்டத்துக்குள் போனாள். குண்டைப் பாவாடையில் துடைத்தாள். கழுத்தில் வைத்தாள். நின்றாள். அவ்வளவுதான், நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் கெட்டிலோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கவுண்ட்ஸ் பெண் ஒருத்தி வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். எப்போது எறிவாள், எப்போது எறிவாள் என்று நான் ஒரு அடி முன்னால் போய்விட்டேன். திடீரென்று அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, குண்டு போய்விட்டது. சாருடைய காருக்கு ஒரு முழம் முன்னால் சிமென்ட் தரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

உமாபதி சார் முதலில் காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தரையில் விழுந்த குழியைப் பார்த்தார். அப்புறம் தாரிகாவிடம், "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். டிரைவரிடம் காரை நகர்த்தச் சொன்னார்.

நாலு தடவை போட வைத்தார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு நாள்தான். திரும்பவும் பூஜை போட்டுத்தான் ஆரம்பிக்கணும். ரெண்டு பூசணிக்காய் உடைக்கணும்" என்றார். மைக் விஷயத்தை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீரம் போதும்.

ஜூலை 8, திங்கள்

புதிய வசனம் எழுதியிருக்கிறேன். மைதானத்தில் ஒருத்தன் கிண்டலாகக் கேட்கிறான், "ஏம்மா, நகரவே மாட்டியா?" பிலோமினா சொல்கிறாள்: "நான் நகர்ந்தா பூமி நகர்ந்துடும்." உமாபதி சார் மேஜையைத் தட்டினார். போஸ்டரில் போடப் போகிறாராம். எனக்கும் பிடித்திருக்கிறது. அவர் பயமே தெரியாத பெண்ணாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னால் அப்படி நிற்க முடியுமா?

ஜூலை 11, வியாழன்

அதே மைதானம், அதே அறுநூறு பேர். ஒன்பது மணிக்கு மைக்கைக் கையில் எடுத்தேன். வழக்கமாக எங்கே உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று சொல்வதற்குத்தான் எடுப்பேன். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். உமாபதி சார் குடைக்கு அடியில் இருந்தார். கோச் கயிற்றுக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் நாலைந்து பேரோடு நின்றிருந்தார்.

"போன தடவை நாம எடுத்தது தப்பு" என்றேன். என் குரல் நாலு ஸ்பீக்கரில் திரும்பி வந்தது. "கோச் துரைப்பாண்டி சார் தப்பா சொல்லிக் கொடுத்தார்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்கீங்க. அவர் சரியாத்தான் சொன்னார். நான்தான் கேக்கல. கேக்காததோட இல்லாம, பழியை அவர் மேல போட்டேன். அவர்கிட்ட உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

உமாபதி சார் குடையை விட்டு வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கோச் கையைத் தூக்கினார், போதும் என்பது போல. முன்வரிசையில் இருந்த ஒரு துணை நடிகை, ஐம்பது வயதிருக்கும், "சரி டைரக்டரம்மா, வெயில் ஏறுது, எடுங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம்.

தாரிகா எப்போது எறிவாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. கேமராமேனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. மூன்று கேமராவையும் ஓட விட்டோம். அவள் நின்றாள். கிண்டல் செய்யச் சொல்லியிருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஐம்பத்தோரு விநாடி. பிறகு எறிந்தாள்.

ஒரே டேக். கட் சொல்ல மறந்துவிட்டேன். ஜமீலாதான் சொன்னாள்.

ஜூலை 12, வெள்ளி

இரண்டு பூசணிக்காய் உடைத்த இடத்தில் மேனேஜர் வழுக்கி விழுந்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. கோச் பெயர் டைட்டிலில் திரும்ப வந்துவிட்டது. நான் கேட்டுத்தான் வந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று அருளப்பனுக்குப் படம் போட்டுக் காட்டினோம். எடிட்டர் வேலவனின் ஸ்டுடியோவில் பன்னிரண்டு நாற்காலி உள்ள சின்னத் திரையரங்கம். பகல் ரயிலில் வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவருடைய பின்தலையைப் பார்த்தேன். பாட்டுக்குத் தலையாட்டினார். சண்டையில் ஒரு முறை சிரித்தார். கடைசியில் அவர் அம்மா வட்டத்துக்குள் வந்து நின்றபோது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

விளக்கு போட்டதும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கால் சரியா இருக்கு" என்றார். "இடுப்பும் சரி. அம்மா இன்னும் கொஞ்சம் சீக்கிரமா போட்ருவாங்க. பரவால்ல." கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நன்றி மேடம். சொன்னதைச் செஞ்சிட்டீங்க."

ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இதோடு எழுந்து போயிருக்கலாம். அவர்தான் கேட்டார்.

"அந்த பூமி நகர்ற வசனம் வருதே, அது யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"அம்மா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க."

"ஏங்க?"

"அவங்க முதல் போட்டிக்குப் போனப்ப பதினேழு வயசு. மத்த பிள்ளைங்கல்லாம் டவுசர் போட்டிருக்கும். எங்க தாத்தா விடல, பாவாடைதான். எல்லாரையும் மாதிரி இவங்களும் வழுக்கிட்டு வந்தாங்களாம். கால்ல பாவாடை மாட்டி குப்புற விழுந்துட்டாங்க. பாவாடை மேல ஏறிப்போச்சு. மைதானமே சிரிச்சுதாம். தாத்தாவும் அங்கதான் உக்காந்திருந்தாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு." அவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு மாசம் வீட்டை விட்டு வெளிய வரல. அப்புறம் திரும்பப் போறப்ப ஒண்ணு முடிவு பண்ணிக்கிட்டாங்க, காலை நகத்துறதில்லன்னு. நகந்தாத்தானே விழணும். அப்புறம் டவுசர் போட விட்டாங்க, அப்பவும் நகரல. தங்கம் வாங்குன அன்னிக்கும் கால் ரெண்டும் கிடுகிடுன்னு நடுங்குச்சுன்னு சொல்லுவாங்க."

"இதை ஏங்க எங்கிட்ட முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

"அம்மா எப்படிப் போட்டாங்கன்னு சொன்னேன். ஏன் அப்படிப் போட்டாங்கன்னு நீங்க கேக்கலையே மேடம்."

குத்திக்காட்டவில்லை. மணி கேட்டதற்கு மணி சொல்வது போலச் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசல் வரை போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது வேலவன், "எடிட்டை இப்படியே லாக் பண்ணிடலாமா மேடம்? திங்கட்கிழமை சென்சார்" என்றார். வேண்டாம் என்றேன்.

படத்தில் இருப்பது பயமே தெரியாத ஒருத்தி. நிஜத்தில் இருந்தவர் பயந்துகொண்டே போய் நின்றவர். இரண்டாமவர் எவ்வளவு பெரியவர் என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிகிறது. அந்த விழுதல் படத்தில் இருக்க வேண்டும். பாவாடை தடுக்கி விழுகிற பதினேழு வயதுப் பெண், சிரிக்கிற கூட்டம், எழுந்து போகிற அப்பா. நாலே ஷாட், அரை நாள் வேலை. பூமி வசனத்தைத் தூக்கிவிட வேண்டும். அது போஸ்டரில் அச்சாகி ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது.

தாரிகாவுக்குப் போன் செய்தேன். "விழணுமா மேடம்? நிஜமாவா?" என்றாள். நிஜமாகத்தான் என்றேன். "எல்லாரும் சிரிப்பாங்களா?" "சிரிப்பாங்க." "சரி, வர்றேன்" என்றாள்.

இனி உமாபதி சார். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். பயமாகத்தான் இருக்கிறது, எழுத்துகூடக் கோணல்மாணலாகப் போகிறது. நாளை காலை பத்து மணிக்குப் போகிறேன்.